பங்காளிக்குப் பெண்பால்

ஜூன் 11, 2025

விடாத மழை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் சேலை விளிம்பு நனைந்து, சாயங்காலம் வரை காயவில்லை.

இன்று அடித்தது ஒரே ஓர் ஆதாரம், நம் தமிழில் பத்திரம். மூன்று சகோதரிகள், அப்பா விட்டுப்போன வீட்டில் தங்கள் பாகத்தை அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். 'எவருடைய தூண்டுதலும் இன்றி, சகோதர வாத்சல்யத்தால்' என்ற வரியை மலையாளத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. ஆதாரம் எழுதுவது அனில் சேட்டன், கம்ப்யூட்டரில் அடிப்பது நான். கையெழுத்துப் போட்டு முடித்ததும் மூத்தவள், "இனி ஓணத்துக்கு அண்ணன் விளிக்கும், அல்லே?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். அண்ணன் வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை?

மகள் அஞ்சனாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள் அப்பாவுக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. இந்த நோட்டில் எதையும் எழுதலாம்.

ஜூன் 14

அப்பா போய் நாலு மாதம். இன்னும் அவருடைய வத்தல் மண்டி வாசலைக் கடக்கும்போது நடை மெதுவாகிறது.

ஜூன் 19

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சுபாஷிணி ஒரு போட்டோ அனுப்பினாள். தம்பி இசக்கிதுரையின் மனைவி, அதிகம் பேசாதவள். அப்பாவின் வாரிசு சர்டிபிகேட்டுக்காக வில்லேஜ் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பு. 'காலஞ்சென்ற சுப்புராஜின் அவகாசிகள்: ஒன்று, பாக்கியலக்ஷ்மி, மனைவி. இரண்டு, இசக்கிதுரை, மகன்.' அவ்வளவுதான். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

என் கண் முதலில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் தேடியது. தொழில் புத்தி. இரண்டாம் முறை படித்தபோதுதான் பெயர்களை எண்ணினேன். நான் எங்கே? தங்கை வசந்தி எங்கே?

உடனே சுபாஷிணியைக் கூப்பிட்டேன்.

"நான் அனுப்புனேன்னு அவ்வோகிட்ட சொல்லிராதீங்க மைனி. மண்டிக் கட்டடத்த விக்கப் போறாங்க. ஹோம்ஸ்டே நடத்துற பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயாச்சு. எங்களுக்கு வைட்டிலாவுல ஃபிளாட்டு."

"உனக்கு ஃபிளாட் வேண்டாமா?"

"வேணும்தான்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைக மைனி. இன்னைக்கு உங்க பேர விட்டாச்சு. நாளைக்கு இவ்வோளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எம்பிள்ளைக பேர விட்டுட்டு உங்க சித்தப்பா பையன்மாரு வந்து நிக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

சோறு ஆறிப்போயிற்று. சாப்பிடவில்லை.

ஜூன் 20

மண்டிக்குப் போனேன். கீழே கடை, மேலே வீடு. அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, மூட்டை தூக்கி, பிறகு வத்தல் வியாபாரம் பிடித்து, தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கட்டடம். பத்து வயதிலிருந்து கல்யாணம் வரை பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு அங்கேதான் வாசம். குண்டு வத்தலைக் காதருகே குலுக்கி, உள்ளே விதை கிலுங்குகிற சத்தத்தில் காய்ச்சல் போதுமா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்பா என்னிடம் கேட்டுத்தான் விலை பேசுவார்.

இசக்கிதுரை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். போட்டோவைக் காட்டாமல், பலகையில் பார்த்தேன் என்றேன். (வரும் வழியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பொய் இல்லை.)

"மறந்து விட்டியா, வேணும்னு விட்டியா?"

அவன் மழுப்பவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். "மறக்கல அக்கா. நீங்க ரெண்டு பேரும் கட்டிக்குடுத்துப் போனவங்க. வாரிசுன்னா வீட்டுல இருக்கவன். கொள்ளி வச்சது யாரு?"

"சட்டத்துல—"

"சட்டம் நீ டைப்படிக்கற எடத்துல இருக்கட்டும். உங்களுக்கு நான் செய்யாமலா இருப்பேன்?"

செய்வேன். வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில் இருந்தது. அண்ணன் தம்பி தங்களுக்குள் 'செய்ய' மாட்டார்கள், பிரித்துக்கொள்வார்கள். கூடப் பிறந்தவளுக்குத்தான் 'செய்வது'. செய்தால் நல்லவன். செய்யாவிட்டாலும் கேட்க முடியாது.

ஜூன் 22

வசந்தி ஏலூரிலிருந்து போன் பண்ணினாள். விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தம்பி பேசிவிட்டான்.

"விட்டுரு அக்கா. எனக்குப் பங்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வருஷத்துல ரெண்டு தடவ அந்தப் படியேறணும், அவ்வளவுதான். கேசு அது இதுன்னு போனா வாசல அடைச்சிருவான். அதுக்கப்புறம், இவங்க வீட்டுல ஏதாவது பேசுன அன்னைக்கி நான் எங்க போவேன்?"

அழுதாள். நானும். போனை வைத்த பிறகு எனக்குக் கோபம்தான் மிஞ்சியது. போக இடம் வேண்டும் என்பதற்காக இருக்கிற இடத்தை விட்டுக்கொடுக்கிறாள். இது என்ன கணக்கு? யார் போட்ட கணக்கு?

ஜூன் 24

சங்கரன்கோவிலிலிருந்து சித்தப்பா இசக்கிராஜா. எனக்கல்ல, என் வீட்டுக்காரர் வீரபாண்டிக்குப் போன். "மாப்ள, இது எங்க பங்காளிக விவகாரம். நாங்க பேசித் தீத்துக்கிடுதோம். அவளக் கொஞ்சம் அடக்கி வைங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

பங்காளி. பங்கு உள்ளவன். சித்தப்பாவின் பையன்கள் அந்த மண்டியில் ஒரு சாக்கைக் கூட நகர்த்தியதில்லை, ஆனால் எங்கள் வீட்டுக்குப் பங்காளிகள். அங்கேயே வளர்ந்த நான் பங்காளி இல்லை. அந்தச் சொல்லுக்குப் பெண்பால் என்ன? பங்காளிச்சி? யார் வாயிலும் கேட்டதில்லை. சொல்லே இல்லையென்றால் ஆள் எப்படி இருப்பாள்?

வாரிசு. பார்த்தால் இருபாலுக்கும் பொது. ஆனால், "மூணும் பொண்ணு, பாவம், வாரிசு இல்ல" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். அப்பாவின் பதினாறாம் நாளில், மூன்று பிள்ளைகளும் எதிரே உட்கார்ந்திருக்க, "சுப்புராஜுக்கு ஒரே வாரிசு" என்று தம்பி தோளில் கை வைத்தார்கள். அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. காபி எடுத்துக்கொண்டு போனேன்.

சொத்துக்காரி. இது இருக்கிறது. ஆனால் ஆண் என்றால் சொத்துக்காரர், எழுந்து நின்று சொல்லலாம். பெண் என்றால் 'சொத்துக்காரி வாரா பாரு', உதட்டைச் சுழித்துச் சொல்ல வேண்டும். வாரப் பத்திரிகைக் கதைகளில் 'கோடீஸ்வரரின் ஒரே மகள்' வருவாள். அவள் அங்கேயும் கோடீஸ்வரி இல்லை, கோடீஸ்வரரின் மகள்.

மலையாளத்தில் நான் தினமும் அடிக்கும் சொல் 'அவகாசி'. உரிமை உள்ளவர். அவனா அவளா என்று அது கேட்பதில்லை. இதை அஞ்சனாவிடம் சொன்னேன்.

"அப்போ தமிழ்ல அவகாசம்னா என்னம்மா?"

"டைம். அவகாசம் குடுங்கன்னு கேட்பாங்க."

"நாம இப்போ கேக்கறது எது? டைமா, ரைட்டா?"

முதலாவது இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது என்றேன்.

ஜூன் 29

வீரபாண்டி இரண்டு நாளாக உம்மென்று இருந்தார். இன்று ஐலண்ட் துறைமுகத்தில் டூட்டி முடிந்து வந்ததும் கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் நாந்தான் தூண்டிவிடுறேன்னு பேசறாங்க. மாமனார் சொத்துல கண்ணாம்."

"அப்ப வேண்டாங்கறீங்களா?"

சாயாவைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "நீ மனு போடாட்டியும் அப்படித்தான் பேசுவாங்க. போட்டுட்டே பேச்சு வாங்குவோம்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவ்வளவு அழகாக இவர் பேசியதில்லை.

ஜூலை 3

ஆட்சேப மனு. எழுதித் தரச் சொல்லி அனில் சேட்டனிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "சேச்சி தன்னே எழுது. ஞான் வாயிச்சு நோக்காம்" என்றார்.

எழுதினேன். எத்தனை பேருக்கு அடித்திருக்கிறேன், 'விண்ணப்பதாரர்' என்ற இடத்தில் என் பெயரை அடிக்கும்போது விரல் தப்பிவிட்டது. பொன்மணி, சுப்புராஜின் மூத்த மகள். இறந்தவர் உயில் எழுதவில்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்து. மனைவிக்கும் மூன்று மக்களுக்கும் சம பாகம். சேட்டன் படித்துப் பார்த்து ஒரே ஒரு காற்புள்ளி போட்டார்.

வசந்தி பெயருக்கு எதிரே கையெழுத்து இடம் காலி.

ஜூலை 4

கொடுத்தாயிற்று. ரசீது இந்த நோட்டுக்குள்.

ஜூலை 9

அம்மாவைப் பார்க்கப் போனேன். தம்பி கீழே மண்டியிலிருந்து என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, நானும்தான் குடுத்தேன். எங்க அண்ணன்மாரு வயக்காட்டுக்குக் கையெழுத்துக் கேட்டாவ, போட்டேன். ஒரு பட்டுச்சேல எடுத்துத் தந்தாவ."

"அப்புறம் வந்தாங்களாம்மா?"

புடைப்பது நின்றது. "மூத்தவன் மக கல்யாணத்துக்குப் பத்திரிக தபால்ல வந்துச்சு." மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

நான் சட்டத்தைச் சொன்னேன். நாலு பங்கு, அதில் ஒன்று அம்மாவுக்கு.

"எனக்கா? எனக்கு என்னத்துக்கு?"

"என்னத்துக்கோ. உன்னோடது."

முறத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதில் அவளிடம் யாரும் சொன்னதில்லை போல.

ஜூலை 20

அம்மா அவளாகவே போன் பண்ணினாள். இது அபூர்வம். தம்பி வைட்டிலாவில் ஃபிளாட்டைக் காட்டக் கூட்டிப் போயிருக்கிறான். பதினோராவது மாடி.

"நல்லாத்தான் இருக்கு. குழாயத் தெறந்தா தண்ணி கொட்டுது. ஆனா ரோட்டுல போறவள ஏட்டின்னு கூப்பிட முடியாதே. கூப்பிட்டாலும் கேக்குமா?" பிறகு, "நீ சொன்னேல்ல, நாலு பங்கு. அத யார்கிட்ட கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாங்களா?"

கேட்டுப் பாரேன் என்றேன்.

ஆகஸ்ட் 6

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

வில்லேஜ் ஆபீஸில் விசாரணை, பதினொரு மணிக்கு. தம்பி அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்தான். நான் வீரபாண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். பெஞ்சின் ஒரு முனையில் அவர்கள், மறுமுனையில் நான். நடுவே இரண்டு பேர் உட்காரலாம்.

பதினொன்றே காலுக்கு வாசலில் குடை மடக்குகிற சத்தம். வசந்தி. ஏலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, முதுகெல்லாம் நனைந்து. "சும்மா கூட நிக்கத்தான் வந்தேன்" என்று மூச்சுவாங்கிக்கொண்டு அந்த நடு இடத்தில் உட்கார்ந்தாள்.

ஆபீஸர் அஞ்சனாவைவிடப் பத்து வயது மூத்திருப்பாள், அவ்வளவுதான். இரண்டு மனுக்களையும் மேசையில் விரித்து வைத்து, முதலில் அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மைக்கு எத்ர மக்களாணு?"

அம்மா எழுந்தாள். தம்பி தரையைப் பார்த்தான். அம்மா பொய் சொல்ல மாட்டாள், ஆனால் பேசாமல் இருந்துவிடுவாள். வாழ்நாளெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

"மூணு" என்றாள். குரல் கணீரென்று இருந்தது. "மூத்தவ பொன்மணி. நடுவுல இவன் இசக்கிதுரை. கடைக்குட்டி வசந்தி. மூணு பேரையும் மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியிலதான் பெத்தேன். எழுதிக்கோ தாயி."

ஆபீஸர் எழுதினாள். தம்பியைப் பார்த்து, "பின்னெ எந்தா ரெண்டு பேரு மாத்ரம்?" என்றாள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

அம்மா உட்காரவில்லை. "இன்னொண்ணு கேக்கணும். என் பேரு அதுல மொதல்ல இருக்காமே. அப்படின்னா கட்டடத்த வித்தா என் கையெழுத்து வேணுமா?"

"வேணும் அம்மே. அம்மையும் அவகாசியாணு."

"அப்ப நான் போடல."

அறையில் இருந்த பியூன் சிரித்துவிட்டான். ஆபீஸருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அம்மா எங்களிடம் திரும்பி, ஏதோ கடையில் கேட்ட விலையைச் சொல்கிற மாதிரி, "நாலு பங்குதானாம்" என்றாள்.

வசந்தி பக்கத்தில் எழுந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். "பேனா இருக்கா அக்கா?" மனுவில் அந்தக் காலி இடத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டி, மலையாளத்தில் முழுப் பெயரையும் எழுதினாள். கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், நடுங்கவே இல்லை.

வெளியே மழை வெறித்திருந்தது. தம்பி அம்மாவுக்கு ஆட்டோ பிடிக்கப் போனான். "வேண்டாம்லே, நான் இவளுகளோட நடந்து வாரேன்" என்றாள் அம்மா. மூன்று பேரும் பஜார் ரோட்டில் கைகோத்து நடந்தோம். வழியில் வடை வாங்கித் தின்றோம். அம்மா தெருவில் நின்று எதையும் தின்று நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 7

எழுந்ததும் சிரிப்பு வந்தது. அப்ப நான் போடல!

ஆகஸ்ட் 17

மண்டி ஆறு நாளாக மூடியிருந்தது. இன்று மாலை தம்பியே வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு என்று நினைத்து அஞ்சனாவை உள்ளே போகச் சொன்னேன்.

நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, "எனக்கு அந்த மண்டியே வேண்டாம் அக்கா" என்றான். இருமல். எப்போதும் இருக்கிற இருமல். நான்தான் கேட்காமல் பழகிவிட்டேன். "வத்தல் நெடி ஆகல. டாக்டர் மூணு வருஷமாச் சொல்றார். வித்துட்டா தப்பிச்சிரலாம்னு பாத்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட சொல்ல? பிளஸ் டூ முடிச்சதும் காலேஜ் போறேன்னேன். வாரிசு கடையில உக்காரணும்னு அப்பா சொல்லிட்டார். உனக்குப் பிடிச்ச வேல. உன்ன அனுப்பிட்டு என்ன உக்கார வச்சாங்க. என்னக் கேட்டாங்களா?"

கேட்கவில்லை. உண்மைதான். அந்தச் சொல் என்னை வெளியே தள்ளியது, அவனை உள்ளே வைத்துப் பூட்டியது. இத்தனை நாள் என் பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவன் எங்கள் பெயரை விட்டது விட்டதுதான். அதையும் சொன்னேன். "தப்புதான்" என்றான், சுவரைப் பார்த்து. முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

"மண்டிய நான் நடத்தறேன்" என்றேன். யோசித்து வைத்த பேச்சில்லை. வந்துவிட்டது.

அவன் சிரித்தான். எத்தனை வருஷம் கழித்து! "நீ நடத்துவ. அப்பாவுக்கே தெரியும்."

செப்டம்பர் 5

திருவோணம். எல்லாரும் அம்மாவிடம். சுபாஷிணி பாயசம் வைத்தாள். பரிமாறும்போது என் இலையில் மட்டும் இரண்டு கரண்டி விழுந்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தேர்ந்தவள்.

செப்டம்பர் 24

சர்டிபிகேட் வந்துவிட்டது. நாலு பெயர். வீரபாண்டி அதைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்று சந்தேகப்படுகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். "உம் பேரு எங்க?" காட்டினேன். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

ஆபீஸில் அனில் சேட்டன் பழம்பொரியும் சாயாவும் வரவழைத்தார். அங்கே ஒரு பெண் விடுதலைப் பத்திரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தாள், அண்ணன் பக்கத்தில். நான் அவளிடம், "உங்களுக்கு எத்தனை பாகம்னு தெரிஞ்சுதானே கையெழுத்துப் போடுறீங்க?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவள் அண்ணன் முறைத்தான். அவள், "எத்தனை?" என்றாள். சேட்டன் சொன்னார். "நாளைக்கு வரட்டுமா?" என்று எழுந்துகொண்டாள்.

ஒரு வேலை போயிற்று என்று சேட்டன் சிரித்தார்.

அக்டோபர் 12

ஒப்பந்தம் எழுதினோம். கட்டடம் விற்பதில்லை. மண்டியை நான் எடுத்து நடத்துகிறேன், வாடகை நாலு பேருக்கும். தம்பி வைட்டிலாவில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான், பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்சல் புக்கிங் ஆபீஸ் போடுகிறான். இருமல் குறைந்திருக்கிறதாம். நாங்கள் மாடிக்குக் குடிவருகிறோம், அம்மாவோடு.

சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. வீரபாண்டிக்கு அந்தப் பக்கத்து ஆட்டுக்கறி போய்விட்டதில் வருத்தம்.

அக்டோபர் 27

சாத்தூர் லாரி வந்தது. முப்பது சாக்கு. மூன்றைத் திருப்பி அனுப்பினேன், ஈரம். தரகர், "என்னம்மா, கையில எடுத்ததும் சொல்லிட்டீங்க" என்றார். கை எரிகிறது, கண் எரிகிறது, தூங்கினால் கனவிலும் தும்மல். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன்?

நவம்பர் 18

செவ்வாய்க்கிழமை. பண்டிகை இல்லை, பிறந்தநாள் இல்லை. யாருக்கும் உடம்பு சரியில்லாமலும் இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு வசந்தி படியேறி வந்தாள். கையில் பை இல்லை, பழம் இல்லை, பூ இல்லை. நான் கீழே எடை போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

அம்மா பதறிப்போய், "என்னட்டி, வீட்டுல ஏதும் சண்டையா? என்ன விசேஷம்?" என்று கேட்டது கீழே வரை கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா வந்தேன்."

ஐந்து மணிக்கு நான் மேலே போனபோது, தெருவைப் பார்த்த அறையில் மின்விசிறிக்குக் கீழே, கையையும் காலையும் அகல விரித்துப் போட்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சாயா போடப் போனேன்.